தகடு போடுறதுக்கு முன்னால் மீட்டரைப் படிங்க

மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்கள் மீது 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் உயிரை விட்டார்கள். கட்டணம் ஏறியது யூனிட்டுக்குச் சில பைசாதான். ஆனாலும் உழவர்கள் விடவில்லை. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வீதிகளை மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். பின்னாளில் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் வந்ததற்கு அந்தப் போராட்டங்களே அடிப்படை.

இலவசம் வந்த பிறகு நமக்கு ஒரு பழக்கம் விட்டுப்போச்சு. மீட்டரைப் பார்க்கிற பழக்கம். கிணற்று மோட்டார்கள் பலவற்றுக்கு மீட்டரே கிடையாது. எவ்வளவு ஓடியது, எவ்வளவு இழுத்தது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கடலையாக விற்றால் கட்டுபடியாகவில்லை என்று எண்ணெயாக ஆட்டி விற்கிறோம். சாமை, வரகு, தினையைத் தோல் நீக்கி அரிசியாக்குகிறோம். மஞ்சளும் மிளகாயும் அரைக்கிறோம். ஊருக்கு ஊர் உழவர் குழுக்கள் கொட்டகை போட்டுச் சிறு ஆலை நடத்துகின்றன. இவற்றுக்குப் பம்ப்செட் இணைப்பிலிருந்து ஒயர் இழுக்க முடியாது. அது விதிமீறல், அபராதம் வரும். தனி இணைப்பு வாங்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். முதல் பில் வந்ததும் குழுவில் ஒரு குரல் எழும்: “பேசாம சோலார் போட்டுடலாம்ப்பா!”

போடலாம், நல்ல யோசனைதான். ஆனால் மண்ணைப் பார்க்காமல் இடுபொருள் வாங்கிக் கடனாளியான கதை நமக்குத் தெரியும். மீட்டரைப் பார்க்காமல் தகடு வாங்கினாலும் அதே கதைதான். போகப்போவது குழுவின் பணம், அல்லது வங்கிக் கடன்.

பகலில் பெருகிய மின்சாரம்

2010-ல் தேசிய சூரிய மின் இயக்கம் தொடங்கியபோது, 2022-க்குள் 20 ஜிகாவாட் என்பதுதான் இலக்கு. 2015-ல் அதை 100 ஜிகாவாட்டாக உயர்த்தினார்கள். 2025 ஜனவரியில் இந்தியாவின் சூரிய மின் திறன் 100 ஜிகாவாட்டைத் தாண்டியது. நம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் மட்டும் 648 மெகாவாட் நிலையம் 2016 முதல் இயங்குகிறது. அதற்கு வேண்டியிருந்த நிலம் சுமார் 2,500 ஏக்கர். கொட்டகைக் கூரையில் போடும் தகட்டுக்கு ஒரு சென்ட் விளைநிலம்கூட வேண்டாம். நமக்கு ஏற்றது இந்த வழிதான்.

இந்த வளர்ச்சியால் மின்சாரத்தின் கணக்கே மாறிவிட்டது. பகலில் வெயில் இருக்கும்வரை மின்சாரம் நிறைய கிடைக்கிறது. மாலை ஆறு மணிக்கு வெயில் போய்விடும். அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஓடத் தொடங்கும். அதனால் ஒரே யூனிட்டுக்குப் பகலில் ஒரு மதிப்பு, இரவு எட்டு மணிக்கு வேறு மதிப்பு. 2023-ல் ஒன்றிய அரசு திருத்திய மின் நுகர்வோர் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். உங்கள் இணைப்புக்கு என்ன விகிதம் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள்.

பெரிய ஆலைகள் செய்வது என்ன?

‘ஸ்மார்ட்’ ஆற்றல் மேலாண்மை என்றதும் கம்ப்யூட்டர், சென்சார் என்று மிரள வேண்டாம். பெரிய ஆலைகள் செய்வது மூன்று வேலைதான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மீட்டர் வைத்து, எது எப்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடாமல் வரிசைப்படுத்துகிறார்கள். தள்ளிப்போட முடிந்த வேலையை மலிவான நேரத்துக்கு மாற்றுகிறார்கள். இந்த மூன்றையும் ஒரு நோட்டும் பேனாவும் வைத்து நாமும் செய்யலாம்.

கொட்டகைக் கணக்கு

ஒரு சிறு ஆலையை எடுத்துக்கொள்வோம். 3 ஹெச்.பி. செக்கு இரண்டு, 2 ஹெச்.பி. தோல் நீக்கும் இயந்திரம் ஒன்று, 5 ஹெச்.பி. அரவை இயந்திரம் ஒன்று. ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். முழுப் பளுவில் ஓடுவதாக வைத்துக்கொண்டால்:

செக்குகள் 5 மணி நேரம் – சுமார் 22 யூனிட்
தோல் நீக்குதல் 4 மணி நேரம் – சுமார் 6 யூனிட்
அரவை 3 மணி நேரம் – சுமார் 11 யூனிட்

மொத்தம் நாளுக்கு ஏறக்குறைய 40 யூனிட். இது தோராயம்தான், சரியான கணக்கை உங்கள் மீட்டர் சொல்லும்.

நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் சுமார் 9.7 கிலோவாட் பளு. காலை 8 முதல் 1 வரை செக்கு, அதன் பிறகு தோல் நீக்குதலும் அரவையும் என்று பிரித்துவிட்டால் எந்த நேரத்திலும் 5.2 கிலோவாட்டைத் தாண்டாது. வேலை அதேதான், யூனிட்டும் அதேதான். ஆனால் அனுமதி வாங்கிய கிலோவாட்டுக்கு ஏற்பத்தான் நிலைக் கட்டணம் வருகிறது என்பதால், சிறிய இணைப்பே போதுமானதாகிவிடும். எல்லா வேலையும் வெயில் நேரத்திலேயே முடிந்தும் போகும்.

இப்போது தகட்டுக்கு வருவோம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி கூரை வேண்டும். “40 யூனிட்டா? அப்ப 10 கிலோவாட் போடுங்க” என்பார் விற்பவர். ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஆலை நின்றால் 120 யூனிட் நமக்குப் பயன்படாமல் கம்பி வழியே வெளியே போகும். தொழில் இணைப்புகளில் அப்படிப் போகும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆகவே 5 அல்லது 6 கிலோவாட்டில் தொடங்குங்கள். வேலை கூடும்போது தகட்டைக் கூட்டிக்கொள்ளலாம்.

வீணாவதை முதலில் அடையுங்கள்

வரப்பு உடைந்த வயலில் தண்ணீர் பாய்ச்சிப் பயனில்லை. ஆலையிலும் உடைப்புகள் உண்டு.

3 ஹெச்.பி. போதுமான இடத்தில் 5 ஹெச்.பி. மோட்டார் இருந்தால் அது அரைப் பளுவில் ஓடி வீணாக இழுக்கும். பலமுறை காயில் கட்டிய மோட்டாரும் கூடுதலாகவே இழுக்கும், மாற்றும்போது ஐ.இ.3 தர மோட்டார் கேட்டு வாங்குங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் சக்தி வழுக்கிப் போகும். அரவைக்கு ஆள் வரும்வரை இயந்திரம் வெறுமனே ஓடிக்கொண்டிருப்பது பல இடங்களில் பார்க்கிற காட்சி. கெப்பாசிட்டர் செத்திருந்தால் தேவைக்கு மேல் கரண்ட் ஓடி ஒயர் சூடாகும். இவற்றைச் சரிசெய்தால் வாங்க வேண்டிய தகட்டின் அளவே குறைந்துவிடும்.

காய வைப்பதற்கு மின் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். தகடு தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. அதை மறுபடி சூடாக மாற்றுவது, வயலை விற்று நெல் வாங்குவது மாதிரி. நெற்களமோ பாலிகார்பனேட் கூடார உலர்த்தியோ வெயிலின் சூட்டை நேரடியாகவே தந்துவிடும். கூடாரத்தில் தூசியும் மழையும் அண்டாது என்பதால் மஞ்சள், மிளகாய், முருங்கைக் கீரைக்கு அது நல்லது.

போடும்போது கவனிக்க

கரண்ட் போனால் சாதாரண கிரிட் இணைப்பு சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. “சோலார் போட்டும் கரண்ட் இல்லையே” என்று பின்னால் வருந்தக் கூடாது. கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கூடும். மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதை அந்த இன்வெர்ட்டர் தாங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

தகடு தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சாய்வில் இருக்கட்டும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே குறையலாம். அரவைத் தூசியும் தவிடும் தகட்டில் படியும். தகடு சூடாவதற்கு முன், விடியற்காலையில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் கறை பிடிக்கும்.

குழுவாகச் சேர்ந்து ஒரு மாதம் மட்டும் இதைச் செய்து பாருங்கள். தினமும் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன ஆட்டினோம், எத்தனை கிலோ என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மாத முடிவில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை யூனிட் ஆகிறது என்பது தெரிந்துவிடும். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சோலார் விற்பவரை உட்கார வைத்துப் பேசுங்கள். எத்தனை கிலோவாட் வேண்டும் என்று அப்போது நாம்தான் அவருக்குச் சொல்வோம்.