இரும்புச்சத்து எங்கே போகிறது?
இரத்தசோகையின் காரணத்தைக் கண்டறிவது ஏன் இன்றியமையாதது

“இரத்தம் குறைவாக இருக்கிறதாம், ஒரு டானிக் எழுதிக் கொடுங்கள்” என்ற வேண்டுகோள் இல்லாமல் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு நாளும் கழிவதில்லை. கையில் உள்ள பரிசோதனை அறிக்கையில் ஹீமோகுளோபின் 8 என்றோ 9 என்றோ அச்சாகியிருக்கும். சிலர் மருந்துக் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி இரண்டு மாதங்கள் உட்கொண்டிருப்பார்கள். வேறு சிலர் பேரீச்சம்பழத்தையும் பீட்ரூட்டையும் நம்பியிருப்பார்கள். அளவு சற்று ஏறும்; மாத்திரையை நிறுத்தியதும் மீண்டும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி விடுபட்டுப் போகிறது: இரும்புச்சத்து ஏன் குறைந்தது?

காய்ச்சல் எப்படி ஒரு நோயின் அறிகுறியோ, அப்படியே இரத்தசோகையும் ஓர் அறிகுறி. காய்ச்சலுக்கு மாத்திரை தந்து வெப்பத்தைக் குறைத்த பிறகும், அது டைஃபாய்டா மலேரியாவா என்று பார்க்கிறோம். இரத்தசோகையில் மட்டும் எண் ஏறியவுடன் நிறைவடைந்துவிடுகிறோம். இந்தக் குறை நம்மிடையே மிகவும் பரவலாக இருப்பதே அதற்கு ஒரு காரணம். 2019–21 காலத்தில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. பலருக்கும் இருப்பதாலேயே “எல்லோருக்கும் உள்ளதுதானே” என்று விட்டுவிடுகிறோம். அவர்களுள் சிலரிடம் அது ஒரு பெரிய நோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும்.

எந்த அளவைக் குறைவு என்கிறோம்?

உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறைப்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. கருவுற்ற பெண்களுக்கு இந்த எல்லை பொதுவாக 11 கிராம்.

களைப்பு, படியேறும்போது மூச்சிரைப்பு, படபடப்பு, தலைசுற்றல், முடி உதிர்தல், நகம் குழிந்து போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆயினும் அளவு மெல்ல மெல்லக் குறையும்போது உடல் அதற்குப் பழகிவிடும். ஹீமோகுளோபின் 6 கிராமாக இறங்கிய நிலையிலும் வீட்டு வேலை அனைத்தையும் செய்துகொண்டு, “வயதாகிறது, அதனால்தான் அசதி” என்று சொல்லும் தாய்மார்கள் பலர் உள்ளனர்.

இன்னோர் அறிகுறியைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். பச்சரிசி, திருநீறு, மண், சிலேட்டுக் குச்சி, பனிக்கட்டி போன்றவற்றை உண்ண வேண்டும் என்ற அடங்காத ஆசை இரும்புக் குறைபாட்டால் தோன்றுவதுண்டு. “அரிசி தின்பதால்தான் சோகை பிடித்தது” என்று வீட்டில் கடிந்துகொள்வார்கள். பெரும்பாலும் நிகழ்வது இதற்கு நேர்மாறு: இரும்புச்சத்து குறைந்ததால் அந்த ஆசை எழுகிறது. குறைபாடு சீரானதும் பெரும்பாலோருக்கு அந்த ஆசை அடங்கிவிடும். அவர்களைக் கடிந்துகொள்வதைவிட இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வருவதே பயன் தரும்.

உடலின் வரவு செலவுக் கணக்கு

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு உள்ளது. அதன் பெரும்பகுதி இரத்தச் சிவப்பணுக்களில் இருக்கிறது. சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் சுமார் 120 நாள்கள். முதிர்ந்த அணுக்கள் சிதையும்போது அவற்றிலுள்ள இரும்பை உடல் வீணாக்காமல் எடுத்துப் புதிய அணுக்களுக்குப் பயன்படுத்துகிறது. புதிய அணுக்களை உருவாக்க நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. அதில் உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே; எஞ்சியது பழைய கையிருப்பின் மறுசுழற்சி.

இரத்தம் வெளியேறினால் இந்தக் கணக்கு குலைகிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. குடலில் ஒரு புண்ணிலிருந்து நாள்தோறும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் இரத்தம் கசிவதாகக் கொள்வோம். இழப்பு நாளுக்கு 2.5 மில்லிகிராம். உறிஞ்சும் அளவை உடல் சற்றுக் கூட்டிக்கொண்டாலும், சில மாதங்களில் கையிருப்பு கரையத் தொடங்கும். அவ்வளவு சிறிய கசிவு மலத்தின் நிறத்தை மாற்றாது, வலியும் இராது. நோயாளி உணர்வது களைப்பை மட்டுமே.

முதற்படி: இது இரும்புக் குறைபாடுதானா?

எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைபாடு, நாள்பட்ட சிறுநீரக நோய், காசநோய், முடக்குவாதம், தைராய்டு குறைபாடு, எலும்பு மச்சை நோய்கள் ஆகியவற்றாலும் இரத்தசோகை ஏற்படும்.

முழு இரத்த அணுப் பரிசோதனையில் சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் குறைந்திருந்தால் இரும்புக் குறைபாட்டை ஐயுறுகிறோம். அதை உறுதிசெய்ய மிகவும் பயன்படுவது ஃபெரிட்டின் பரிசோதனை. உடலில் சேமித்து வைக்கப்பட்டுள்ள இரும்பின் அளவை அது காட்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு இருப்பதாகப் பெரும்பாலும் கொள்ளலாம். காய்ச்சல், தொற்று, கல்லீரல் நோய், நாள்பட்ட அழற்சி ஆகியவை உள்ளபோது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். ஆகவே அத்தகையவர்களுக்கு 100 வரையிலான அளவும் குறைபாட்டைக் குறிக்கக்கூடும். அப்போது டிரான்ஸ்ஃபெரின் செறிவு போன்ற பரிசோதனைகள் துணைசெய்யும்.

தலசீமியா மரபுக்கூற்றைப் பிறவியிலேயே கொண்டவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறியனவாகவே இருக்கும். இவர்களுக்கு இரும்புக் குறைபாடு இல்லாதபோதும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை தரப்படுவதுண்டு, பயன் இராது. ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். இரும்புக் குறைபாடும் உடனிருந்தால் அந்தப் பரிசோதனையின் அளவு குறைந்து காட்டலாம் என்பதால், முதலில் இரும்பைச் சரிசெய்துவிட்டுச் சோதிப்பது நலம். கணவன், மனைவி இருவருக்கும் இந்த மரபுக்கூறு இருந்தால், ஒவ்வொரு கருவிலும் கடுமையான தலசீமியா வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எனவே திருமணத்துக்கோ குழந்தைப்பேற்றுக்கோ முன்னரே இதை அறிந்துகொள்வது குடும்பத்துக்கு நன்மை.

இரும்பு குறையும் நான்கு வழிகள்

இரும்புக் குறைபாடு உறுதியானதும், அது எவ்வழியில் நேர்ந்தது என்று தேடுகிறோம்.

1. உணவில் குறைவு: கீரை, பருப்பு, தானியங்களில் இரும்பு இருந்தாலும், இறைச்சி, ஈரல், மீனில் உள்ள இரும்பைப் போல் அது எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. உணவோடு தேநீரோ காபியோ அருந்தினால் உறிஞ்சுதல் மேலும் குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி அதைக் கூட்டும். பீட்ரூட்டின் சிவப்பு நிறத்துக்கும் இரத்தத்துக்கும் தொடர்பில்லை.

2. உறிஞ்சுதலில் குறைவு: இரைப்பை அறுவைச் சிகிச்சை, ஹெலிகோபாக்டர் கிருமித் தொற்று, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொள்ளுதல் ஆகியவை காரணமாகலாம். கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிப்புறும் சீலியாக் நோயும் இதில் அடங்கும். இது வட இந்தியாவில் கூடுதலாகக் காணப்படுகிறது.

3. கூடுதல் தேவை: வளரும் பருவத்திலும் கருவுற்ற காலத்திலும் தேவை உயரும். ஒரு கருப்பேற்றின் முழுக் காலத்துக்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது.

4. இரத்த இழப்பு: வளர்ந்தவர்களிடம் முதலில் தேட வேண்டியது இதையே. ஆகவே இதைச் சற்று விரித்துரைக்கிறேன்.

மாதவிடாயில் மிகுதியான உதிரப்போக்கு

இனப்பெருக்க வயதுப் பெண்களிடம் மிகவும் பரவலான காரணம் இது. ஒரு சுழற்சியில் வெளியேறும் இரத்தம் வழக்கமாக 30 முதல் 40 மில்லிலிட்டர். 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் மிகுதி. இதை வீட்டில் அளந்து பார்க்க இயலாது. ஆனால் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அணையாடை மாற்ற நேர்தல், கட்டி கட்டியாகப் போதல், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருத்தல், ஏழு நாள்களுக்கு மேல் நீடித்தல் ஆகியவை மிகுதியைக் காட்டும் அடையாளங்கள். “எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான்” என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். கருப்பைத் தசைக்கட்டி, தைராய்டு குறைபாடு, இரத்தம் உறைவதில் உள்ள பரம்பரைக் கோளாறு ஆகியவை இதன் பின்னால் இருக்கலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

குடலில் மறைந்திருக்கும் கசிவு

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைபாடு ஏற்பட்டால், வேறு காரணம் தெளிவாகும் வரை குடலிலிருந்து இரத்தம் இழக்கப்படுவதாகவே கொள்ள வேண்டும். மூட்டுவலிக்காகத் தொடர்ந்து உட்கொள்ளும் வலிநிவாரணி மாத்திரைகள், ஆஸ்பிரின், இரைப்பைப் புண், கொக்கிப்புழு, பெருங்குடலின் இரத்தக்குழாய்க் கோளாறுகள், பெருங்குடல் அல்லது இரைப்பைப் புற்றுநோய் ஆகியவை முதன்மையான காரணங்கள்.

பெருங்குடலின் வலப்பகுதியில் தோன்றும் புற்றுநோயைத் தனித்துக் குறிப்பிட வேண்டும். அப்பகுதி அகலமானது; அங்கு மலமும் நீர்த்தன்மையுடன் இருக்கும். அதனால் கட்டி வளர்ந்தாலும் அடைப்போ மலச்சிக்கலோ எளிதில் வராது. கசியும் இரத்தமும் மலத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பலருக்கு இரத்தசோகையே முதல் அறிகுறி. அறுபது வயதைக் கடந்த ஒருவர் இந்நிலையில் இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டால், அவருடைய ஹீமோகுளோபினும் உயரும், களைப்பும் நீங்கும். கட்டியோ வளர்ந்துகொண்டே இருக்கும். தொடக்க நிலையில் அறுவைச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகக்கூடிய நோய், இவ்வாறு இழக்கும் மாதங்களில் கைமீறிப் போகலாம். மாத்திரையால் பலன் கிடைத்ததைக் கொண்டு, காரணம் ஏதுமில்லை என்று முடிவுசெய்ய இயலாது.

இதனால்தான் வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாதவரிடமும் எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி ஆகிய இரு பரிசோதனைகளையும் செய்துகொள்ளச் சொல்கிறோம். முன்னது இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும், பின்னது பெருங்குடலையும் உள்ளிருந்து காட்டும். இரண்டிலும் காரணம் தெரியாமல், குறைபாடும் திரும்பத் திரும்ப வந்தால், விழுங்கக்கூடிய சிறு கேமரா கொண்டு சிறுகுடலைப் பார்க்கும் வசதியும் உண்டு. இளம் பெண்களுக்கும் வயிற்று அறிகுறிகளோ, குடும்பத்தில் குடற்புற்றுநோய் வரலாறோ இருந்தால், அல்லது சிகிச்சைக்குப் பின்னும் குறைபாடு நீடித்தால், இந்தப் பரிசோதனைகள் தேவைப்படலாம்.

நோயாளிகள் அடிக்கடி சொல்லும் இரண்டு சமாதானங்களைப் பற்றியும் கூற வேண்டும். “எனக்கு மூலம் இருக்கிறது, அதனால்தான்” என்பது ஒன்று. மூலத்தால் இரத்தசோகை வரக்கூடும். ஆனால் மூலம் உள்ளவருக்கு வேறு நோயும் இருக்கலாம். “மலப் பரிசோதனையில் இரத்தம் இல்லை என்று வந்துவிட்டது” என்பது மற்றொன்று. கசிவு விட்டுவிட்டு நிகழ்வதால், ஒருநாள் எடுத்த மாதிரி தெளிவாக இருந்தாலும் குடல் நலமாக உள்ளது என்று கொள்ள முடியாது.

சிகிச்சையும் தேடலும் ஒருங்கே நடக்கலாம்

காரணம் தெரியும் வரை மாத்திரை தரக்கூடாது என்பதில்லை. ஆனால் மாத்திரை தொடங்குமுன்பும், இரத்தம் ஏற்றுமுன்பும் ஃபெரிட்டின் முதலிய பரிசோதனைகளுக்கு இரத்த மாதிரி எடுத்துக்கொள்வது நல்லது.

இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொண்டால் உறிஞ்சுதல் கூடும். வயிற்றெரிச்சலோ மலச்சிக்கலோ ஏற்பட்டால் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்ளும் முறையும், ஊசி வழியாகச் செலுத்தும் முறையும் உள்ளன. தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து உட்கொள்ள வேண்டாம். மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பே. ஆனால் தார்போல் பளபளப்பாக, ஒட்டும் தன்மையுடனும் கடும் நாற்றத்துடனும் போனால் அது இரத்தப்போக்காக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மாத்திரை முறையாக வேலைசெய்தால் மூன்று, நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 2 கிராம் உயரும். உயராவிட்டால் மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளப்படவில்லை, உறிஞ்சப்படவில்லை, இழப்பு தொடர்கிறது, அல்லது நோய்க்கணிப்பே வேறு என்று பொருள். அளவு இயல்புநிலையை அடைந்த பிறகும் சேமிப்பு நிறைய ஏறத்தாழ மூன்று மாதங்கள் தொடர வேண்டும்.

மருத்துவரைக் காண வரும்போது

• பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள். ஹீமோகுளோபின் எப்போதிலிருந்து குறையத் தொடங்கியது என்பதை அவை காட்டும்.

• உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் காட்டுங்கள். கடையில் தாமாக வாங்கிய வலி மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும் இதில் அடங்கும்.

• எடை குறைவு, பசியின்மை, மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம், மாதவிடாயின் அளவு, குடும்பத்தில் புற்றுநோய் வரலாறு ஆகியவற்றைத் தயங்காமல் சொல்லுங்கள்.

• கொலோனோஸ்கோப்பிக்கு ஏழு நாள்கள் முன்னதாக இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லையேல் குடல் தெளிவாகத் தெரியாது.

• இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக்கூடாது. மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

• உங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தரப்படும்போது, “இது ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டாமா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மருத்துவரை மதியாமை ஆகாது. அவருடைய பணிக்கு அது துணையே.

நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சிரைப்பு, மயக்கம், கறுப்பு அல்லது சிவப்பு நிறத்தில் இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும், முன்பதிவுக்குக் காத்திராமல் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.