வான்கோழி: நெஞ்சுக்குப் போறணை, காலுக்குச் சட்டி

வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிக்கோப் பகுதியின் பூர்வகுடிகள் வீட்டில் வளர்த்துவந்த இதை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். 1612இல் கோவாவிலிருந்து தன் அரண்மனைக்கு வந்த ஒரு வான்கோழியைப் பார்த்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் வியந்தார். அந்தப் பறவையை ஓவியர் மன்சூர் வரைந்த படம் இலண்டன் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் இருக்கிறது. ஒல்லாந்தர் கோழிக்கோட்டின் பெயரை ஒட்டி அதற்குக் 'கல்கூன்' என்று பெயரிட்டனர். அச்சொல்லே சிங்களத்தில் 'களுகுமா' ஆயிற்று.

வான்கோழியை நத்தார் விருந்தில் முழுதாகச் சுட்டு வைப்பது ஆங்கிலேயர் வழக்கம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூன்று கூட்டத்தாரும் கைப்பற்றி ஆண்ட துறைமுகம் திருகோணமலை. அங்கிருந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளம் 1957இல்தான் இலங்கையின் கைக்கு வந்தது. நத்தார், பாண், போறணை ஆகிய சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. பாலையூற்றுப் பக்கம் அவர்களின் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. ஆனாலும் மாவட்டத்தின் பெரும்பாலான அடுப்புகளில் வேகுவது கோழிதான். வான்கோழி எப்போதாவது வருவது. கோழியைப் போலவே நினைத்துச் சமைப்பதால் அது பெரும்பாலும் வறண்டு, நாராக மேசைக்கு வருகிறது.

ஓர் உடலில் இரண்டு இறைச்சி

பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். தசைநார்களுக்குள் புரதங்களின் இடையே அது சிறைப்பட்டிருக்கிறது. சூடு ஏறும்போது புரதங்கள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் நீரை வெளியே தள்ளுகின்றன. மயோசின் என்ற புரதம் 50 பாகை செல்சியஸ் அளவில் உருமாறத் தொடங்கும். அப்போது இறைச்சி இறுகுமே தவிர அதிகம் வறளாது. 66 பாகைக்கு மேல் அக்டின் என்ற புரதமும் சுருங்கும்போதுதான் நீர் வேகமாக வெளியேறுகிறது. நெஞ்சு இறைச்சி 80 பாகையைத் தாண்டிவிட்டால் எந்தக் குழம்பாலும் அதை மீட்க முடியாது.

காலும் தொடையும் வேறு வகை. வான்கோழி நாள் முழுவதும் நடக்கும் பறவை. உழைக்கும் தசைக்கு ஒட்சிசனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் அதிகம் வேண்டும். காலிறைச்சியின் கருமை அதனால் வருவது. அந்தத் தசைகளைக் கட்டி நிற்கும் கொலாஜன் என்ற இணைப்புப் புரதமும் காலில் அதிகம். 70 பாகைக்கு மேல் நீண்ட நேரம் ஈரச்சூட்டில் கிடந்தால் அது கரைந்து ஜெலற்றின் ஆகும். வாயில் வழுவழுப்பாகத் தெரிவது அந்த ஜெலற்றின்தான். ஆகவே கால் 80 முதல் 85 பாகையில் பதமாகிறது; நெஞ்சு அதே சூட்டில் பாழாகிறது. முழு வான்கோழியை ஒரே சூட்டில் வைப்பவர் இரண்டில் ஒன்றை இழக்கிறார். பறவையை முன்பே பிரித்து, நெஞ்சைப் போறணையிலும் காலைச் சட்டியிலும் சமைப்பதே இதற்கு நேரான தீர்வு.

வெட்டியதும் அடுப்பில் ஏற்றக்கூடாது

வீட்டு முற்றத்தில் வளர்ந்த பறவையைக் காலையில் அறுத்து மத்தியானம் சமைத்தால் இறைச்சி ரப்பராகும். இறந்த சில மணி நேரத்தில் தசைகள் விறைத்துவிடுகின்றன. அந்த விறைப்புத் தளர, இறைச்சி குளிர்சாதனப் பெட்டியில் ஏறத்தாழ ஒரு நாள் கிடக்க வேண்டும். வயது முதிர்ந்த பறவையின் கொலாஜன் எளிதில் கரையாது. அதன் நெஞ்சையும் சேர்த்துக் கறியாக்குவதே நல்லது.

உறையவைத்த பறவை என்றால், இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பெட்டிக்குள்ளேயே உருக வேண்டும். ஐந்து கிலோ பறவைக்கு இரண்டரை நாள். திருகோணமலையின் வெப்பத்தில் மேசையில் வைத்து உருக்கினால், நடுப்பகுதி கட்டியாக இருக்கும்போதே தோலடியில் கிருமிகள் பெருகத் தொடங்கிவிடும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடு சல்மொனெல்லா போன்ற பக்டீரியாக்களுக்கு உகந்தது. பச்சைப் பறவையைக் குழாயடியில் கழுவும் பழக்கமும் கிருமியைப் போக்குவதில்லை. தெறிக்கும் நீரால் கழுவுதொட்டிக்கும் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் அது பரவும். ஈரத்தைக் கடதாசியால் ஒற்றி எடுத்தால் போதும்.

உப்பின் வேலை

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து உப்பளங்களில் விளையும் உப்பு வெறும் சுவைக்கு மட்டும் உரியதல்ல. அது தசைப் புரதங்களில் ஒரு பகுதியைக் கரைத்து அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. தளர்ந்த புரதம் சூட்டில் முன்போல் இறுகச் சுருங்காது. நீர் உள்ளே தங்கும். சமைக்கும்போது தூவும் உப்புக்கு இந்த வேலையைச் செய்ய நேரம் கிடைப்பதில்லை.

உப்புநீரில் ஊறவைப்பது ஒரு முறை. ஒரு லீற்றருக்கு 50 முதல் 60 கிராம் உப்புக் கரைத்த குளிர்நீரில் பறவை 12 மணி நேரத்துக்கு மேல் மூழ்கியிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய வாளிக்குச் சாதாரண வீட்டுப் பெட்டியில் இடமிராது. உலர் உப்பிடுதல் அதைவிட எளிது. இறைச்சியின் சுவையும் நீர்த்துப் போகாது. ஒரு கிலோவுக்கு 10 கிராம் வீதம் ஐந்து கிலோவுக்கு 50 கிராம் உப்பை நிறுத்து எடுக்க வேண்டும். கல்லுப்பு ஒரு கரண்டியும் தூளுப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை அல்ல. கரண்டிக் கணக்கை நம்பினால் கரிக்கும்.

கழுத்துப் பக்கமாக விரல்களை நுழைத்து, நெஞ்சின் தோலைக் கிழியாமல் மெல்லத் தளர்த்தினால் ஒரு பை போல் வாய் திறக்கும். உப்பின் பெரும்பகுதியை அந்தப் பைக்குள் இறைச்சியின் மேல் தடவ வேண்டும். முதல் சில மணி நேரம் தோலடியில் நீர் கசிந்து நிற்கும்; பிறகு அந்த நீரே உப்போடு இறைச்சிக்குள் திரும்பிச் செல்லும். ஒன்று அல்லது இரண்டு நாள் பெட்டியின் அடித்தட்டில் மூடாமல் வைத்தால் தோல் காகிதம்போல் காயும். நத்தார்க் காலம் திருகோணமலைக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். காற்றே ஈரமாக இருக்கும் அந்நாட்களில் வெளியே வைத்துத் தோலைக் காயவைக்க முடியாது. காயாத தோல் மொறுமொறுப்பாகவும் ஆகாது. இறைச்சியைச் சிவக்கச் செய்யும் வினை நன்கு நடக்க மேற்பரப்பு 140 பாகையளவு சூடாக வேண்டும், நீர் இருக்கும்வரை அது 100 பாகையைத் தாண்டாது.

மசாலா உப்பைப் போல் ஆழ ஊடுருவுவதில்லை. உள்ளி, மிளகு, தேசிக்காய்த் தோல் சீவல் இவற்றைப் பட்டரில் குழைத்துத் தோலடியில் பூசினால் மணம் மேற்பரப்பில் நிற்கும். தேசிக்காய்ச் சாற்றில் நெடுநேரம் ஊறினால் வெளிப்புறம் வெளிறி மாவாகும். பப்பாசிக்காயின் பாப்பெயின் நொதியும் மேற்பரப்பைத்தான் குழைக்கிறது. அளவு மீறினால் களியாகும்.

நெஞ்சு: போறணையில்

எலும்போடு கூடிய நெஞ்சை 160 முதல் 165 பாகைச் சூட்டில் வேகவைக்க வேண்டும். பிரிக்காத ஐந்து கிலோப் பறவைக்கு இந்தச் சூட்டில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் செல்லும். தனி நெஞ்சுக்கு அதைவிடக் குறைவு. வீட்டில் போறணை இல்லாதவர் பேக்கரியின் விறகுப் போறணையை நாடலாம். பாண் எடுத்த கையோடு அது 200 பாகைக்கு மேல் கொதிக்கும். தட்டை அலுமினியத் தாளால் மூடி உள்ளே தள்ளி, சுவர்ச்சூடு தணிந்த பின் தாளை அகற்ற வேண்டும்.

முதலில் வறுத்துச் சிவக்கவைத்தால் சாறு உள்ளே பூட்டப்படும் என்ற நம்பிக்கை 1847இல் ஜேர்மன் வேதியியலாளர் லீபிக் சொன்னது. அது பிழையென்று பின்னர் சோதனைகள் காட்டின. சிவந்த மேற்பரப்பு மணத்தைத் தருமே தவிர நீரைத் தடுக்காது. நெய்யை அடிக்கடி மேலே ஊற்றுவதும் உள்ளே ஈரம் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் போறணையின் சூடுதான் இறங்குகிறது.

இறக்கும் நேரத்தை நிறமோ, குத்தினால் வரும் சாறோ நம்பகமாகச் சொல்லாது. இறைச்சி வெப்பமானியின் முனை, எலும்பைத் தொடாமல், நெஞ்சின் மிகத் தடித்த இடத்தின் நடுவில் நிற்க வேண்டும். பாதுகாப்புக்குரிய எல்லை 74 பாகை. 71இல் வெளியே எடுத்து மூடிவைத்தால் பெரிய துண்டில் உட்சூடு தானே சில பாகை ஏறும். வெப்பமானியை எடுக்காமல் 74ஐத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடாவிட்டால் மீண்டும் போறணைக்குள் போக வேண்டும்.

இருபது, முப்பது நிமிடம் ஆறவிட்டால் சாறு சற்றுத் தடித்து இறைச்சிக்குள் நிலைக்கும். சுடச்சுட வெட்டினால் அது தட்டில் ஓடிவிடும். வெட்டும்போது கத்தி தசைநாருக்குக் குறுக்கே போக வேண்டும்.

கால்: சட்டியில்

தொடையையும் காலையும் எலும்போடு வெட்டி, வெங்காயம், இஞ்சி, உள்ளி, கறுவா, ரம்பை, கறிவேப்பிலை தாளித்த சட்டியில் வறுத்த கறித்தூளோடு பிரட்டி, இரண்டாம் தேங்காய்ப்பாலில் மூடிவைக்க வேண்டும். ஏற்கனவே உப்பிட்ட இறைச்சி என்பதால் உப்பு கடைசியில்தான். குமிழி மெல்ல எழும் சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வெந்தால் இறைச்சி எலும்பை விட்டுக் கழலும். முதற்பாலை இறக்கும் தறுவாயில் சேர்த்தால் திரியாது. ஜெலற்றின் கலந்து தடித்த இந்தக் குழம்பே நெஞ்சுத் துண்டுகளுக்கும் ஊற்றிக்கொள்ள உகந்தது.

பாண் துண்டு, வெங்காயம், ஈரல் கலந்த பூரணத்தை வயிற்றுக்குள் திணிக்காமல் தனித் தட்டில் சுடுவது பாதுகாப்பானது. உள்ளே திணித்தால் அதன் நடுவும் 74 பாகையை எட்டவேண்டும். அதற்குள் நெஞ்சு வறண்டுவிடும். எலும்புகளைக் கொதிக்கவைத்த நீர் மறுநாள் சூப்புக்கு ஆகும். மிஞ்சிய இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரங்களில் இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டியில் வைத்து, நான்கு நாளுக்குள் உண்டு முடிக்க வேண்டும்.