கல்விக்கடனும் நம் பிள்ளைகளும்

பாண்டுப்புக்கு முதலில் வந்து சேர்ந்த நம் பெரியவர்களும் கடன் வாங்கியவர்கள்தான். ஊரிலிருந்து ரயிலேறி வந்து, லால் பகதூர் சாஸ்திரி சாலையோரத்து ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலைக்குச் சேர்ந்து, சாலில் ஓர் அறை பிடித்தார்கள். அதற்காக நகையை அடகு வைத்தார்கள்; சீட்டுப் பிடித்தார்கள்; தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்கினார்கள். அந்தக் கடனுக்கு மாதம் பிறந்தால் ஆள் வாசலில் வந்து நிற்பார். கடன் இருப்பது வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இன்று நம் பிள்ளைகள் பெயரில் இருக்கும் கல்விக்கடன் வேறு மாதிரி. நான்கைந்து வருஷம் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அதுவரை அது சத்தமில்லாமல் வளரும். நம் பகுதிப் பெற்றோர் சிலருக்கு வங்கிக் காகிதங்களைப் படித்துச் சொல்லும் வாய்ப்பு எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அங்கே திரும்பத் திரும்பக் காணும் சில தவறான எண்ணங்களைப் பற்றியே இக்கட்டுரை.

கல்விக்கடன் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2001ஆம் ஆண்டில் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வகுத்தது. 4 லட்சம் ரூபாய் வரை ஈடு எதுவும் இல்லாமல் கடன் என்ற நிலை அதனால் வந்தது. அடகு வைக்க வீடோ நிலமோ இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் பொறியியலும் நர்சிங்கும் படிக்க அது வழி திறந்தது. இது சாதாரண விஷயமல்ல.

உத்தரவாதம் யாருக்கு?

2015இல் மத்திய அரசு கல்விக்கடனுக்கென்று ஓர் உத்தரவாத நிதியை ஏற்படுத்தியது. அதன்படி 7.5 லட்சம் வரை ஈடும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்திலும் இதே 7.5 லட்சம் வரை 75 சதவீத உத்தரவாதம் உண்டு.

இதைக் கேள்விப்பட்ட ஒரு தகப்பனார், "அண்ணாச்சி, கவர்மென்டே கேரண்டி குடுத்திருக்கு. பையன் கட்டலேன்னா அவங்க பார்த்துக்குவாங்க" என்று என்னிடம் சொன்னார். இது பெரிய தவறு. அந்த உத்தரவாதம் வங்கிக்கு, நமக்கு அல்ல. வங்கியின் நஷ்டத்தில் ஒரு பகுதியை அது ஈடுகட்டும், அவ்வளவுதான். வாங்கியவரின் கடன் தீராது. வசூல் முயற்சியும் நிற்காது.

அதேபோல, பெற்றோர் போடும் கையெழுத்தைச் சாட்சிக் கையெழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் இணைக் கடன்தாரர். கடன் பிள்ளைக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவே.

ஒரு கணக்கு

நான்கு வருடப் படிப்புக்கு வருடம் 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. இந்த ஐந்து வருடத்தில் வட்டி ஓடாது என்றே நிறையப் பேர் எண்ணியிருக்கிறார்கள். ஓடும். தனிவட்டிதான்; ஆனாலும் முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000 என மொத்தம் 1,40,000 ரூபாய் சேர்ந்துவிடும். தவணை தொடங்கும் நாளில் அது அசலோடு சேரும். 4 லட்சம் வாங்கிய பிள்ளை 5,40,000 ரூபாய்க் கடனோடு கணக்கைத் தொடங்குகிறது.

பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 7,136 ரூபாய், மொத்தம் 8.56 லட்சம் கட்ட வேண்டும். பதினைந்து வருடமாக நீட்டினால் தவணை சுமார் 5,803 ஆகக் குறையும், மொத்தம் 10.44 லட்சத்தைத் தாண்டும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வரலாம். முதல் வருடம் மாதம் 833 ரூபாய், இரண்டாம் வருடம் 1,667, மூன்றாம் வருடம் 2,500, அதன்பின் 3,333. இப்படிக் கட்டினால் தவணை 4 லட்சத்திலேயே தொடங்கும். பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 5,286 ரூபாய். கட்டிய வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தச் செலவில் ஏறக்குறைய 82,000 ரூபாய் மிச்சம். இப்படிக் கட்டுவோருக்கு 1 சதவீத வட்டிச் சலுகை தரவும் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. கிளையில் கேட்டுப் பெற வேண்டும்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு, தவணை தொடங்காத காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் உள்ளது. வருமானச் சான்றிதழைக் காலத்தில் கொடுக்காமல் இதை இழந்தவர்களும் உண்டு. நாம் இருப்பது மகாராஷ்டிரம். பிள்ளை தமிழ்நாட்டில் படித்தாலும் குடும்பத்தின் வருமானச் சான்றை இங்கேதான் வாங்க வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்?

2020 டிசம்பர் இறுதி நிலவரப்படி, பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடன் நிலுவையில் 9.55 சதவீதம் வாராக்கடன் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கணக்கு இந்தப் பட்டியலுக்குப் போய்விடும். அது சிபில் பதிவில் ஏறும். மகன் பெயரில் மட்டுமல்ல, கையெழுத்திட்ட அப்பா பெயரிலும் ஏறும்.

நம் வீடுகளுக்கு இதன் பொருள் என்ன? மூத்தவன் தவணை கட்டாமல் விட்டால், நாளைக்குத் தங்கச்சி படிப்புக்கு அதே அப்பா கையெழுத்துப் போட முடியாமல் போகலாம். சால் அறையை விட்டு ஒரு சின்ன ஃபிளாட் வாங்க வீட்டுக்கடன் கேட்டாலும் இதே பதிவு முன்னால் வந்து நிற்கும். ஒருவன் கணக்கில் விழும் கறை வீட்டுக்கே விழும் கறை.

தள்ளுபடிக்குக் காத்திருப்போர்

2008இல் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தது. அதிலிருந்து கல்விக்கடனுக்கும் ஒருநாள் வரும் என்ற நம்பிக்கை நம்மவரிடம் வேரூன்றிவிட்டது. தேர்தல் காலத்து வாக்குறுதிகள் அதற்கு நீர் ஊற்றுகின்றன. நடந்தது என்ன? 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், 31.3.2009 வரை வாங்கிய கல்விக்கடன்களுக்கு 31.12.2013 அன்று நிலுவையில் இருந்த வட்டியை அரசு ஏற்பதாக அறிவித்தது. வட்டியை மட்டும், அசலை அல்ல. அமெரிக்காவில் அதிபர் பைடன் அறிவித்த பெரிய கல்விக்கடன் தள்ளுபடியையும் 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வராத தள்ளுபடிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டிக்கு வட்டி ஏறும் மாதம்.

இளைஞர்களுக்கு

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது மூன்றே விஷயம். முதலாவது, உன் பெயரில் இன்றைக்கு எவ்வளவு கடன் நிற்கிறது என்ற எண் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவிடம் கேட்காதே, பாஸ்புக்கைப் பார். இரண்டாவது, முதல் சம்பளத்தில் புது மொபைலுக்கும் பைக்குக்கும் தவணை போடுமுன் கல்விக்கடன் தவணையை ஒதுக்கி வை. மூன்றாவது, வேலை கிடைக்காவிட்டால் ஒளியாதே. வங்கி போனை எடுக்காமல் இருப்பதுதான் மிகப் பெரிய நஷ்டம். வேலை இல்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும், முதலில் குறைவாகத் தொடங்கிப் பின்னர் கூட்டிக்கொள்ளவும் மாதிரித் திட்டத்தில் வழி உண்டு. 90 நாள் ஆகுமுன் எழுத்தில் விண்ணப்பித்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள். 'செட்டில்மென்ட்' என்று குறைத்துக் கட்டச் சொன்னால் யோசித்துச் செய்; சிபில் பதிவில் அது முழுதாக அடைத்த கடனாகக் காட்டாது.

பொறுப்பு பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. எந்தக் கல்லூரி, அதில் படித்தவருக்கு உண்மையில் என்ன சம்பளம் கிடைக்கிறது என்று விசாரிக்காமல், பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்று சேர்த்துவிடும் பெற்றோருக்கும் அதில் பங்குண்டு. எதிர்பார்க்கும் முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் தவணை அடங்குமா என்று பார்ப்பது என் வழக்கம். அடங்காவிட்டால் குறைந்த செலவில் வேறு கல்லூரி தேடச் சொல்வேன்.

நம் தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசளித்துப் பாராட்டுகின்றன. அதோடு ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்விக்கடன் வாங்கப்போகும் குடும்பங்களை அழைத்து, மேலே கண்ட கணக்கை அவரவர் தொகைக்குப் போட்டுக் காட்டினால் என்ன? வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள் பாண்டுப்பிலும் முலுண்டிலும் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் போதும். கையெழுத்துப் போடுமுன் அப்பாவும் பிள்ளையும் ஒரே தாளில் ஒரே எண்ணைப் பார்த்துவிட்டால், பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும்.