மாதிரி ரயில்களும் நம் மீட்டர் பாதையும்

மாதிரி ரயில் சேகரிக்கிறேன் என்று சொன்னால் நண்பர்கள் முதலில் கேட்பது, "குழந்தைகள் விளையாடும் பொம்மை ரயிலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. அளவுதான் வித்தியாசம். பொம்மை ரயில் பார்வைக்கு ரயிலைப் போல இருந்தால் போதும். மாதிரி ரயில் அப்படியல்ல. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு தடத்தில் உண்மையில் ஓடிய வண்டியை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கியது. அந்த விகிதத்தில் நம் ஊர் ரயில் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனதில் கண்டவற்றை இங்கே சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கல் தெரிந்தால் போதும்.

நிஜ ரயில் வந்த கொஞ்ச காலத்திலேயே தகர ரயில்களும் கடைக்கு வந்துவிட்டன. ஆனால் இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு வித்திட்டது ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859-ல் தொடங்கிய மெர்க்லின் நிறுவனம். பொம்மை வீடுகளுக்கான தகரச் சாமான்கள் செய்துகொண்டிருந்த அந்நிறுவனம், 1891-ல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை வைத்தது. கூடவே, தனித்தனியாக வாங்கி நீட்டிக்கொண்டே போகக்கூடிய தண்டவாளத் துண்டுகளையும் வைத்தது. தட அகலங்களுக்கு எண்கள் கொடுத்தது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு எஞ்ஜின் வாங்கியவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு வளைவும் இரண்டு பெட்டிகளும் வாங்குவார். சேகரிப்பு என்னும் வியாதியின் மூலக்கிருமி இதுதான். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்களின் மொழியில் சொன்னால், மெர்க்லின் ஓர் இண்டர்ஃபேஸை நிர்ணயித்தது. இண்டர்ஃபேஸ் யார் கையிலோ சந்தையும் அவர் கையில்.

அமெரிக்காவில் ஜோஷுவா லயனல் கோவன் 1900-ல் தொடங்கிய லயனல் நிறுவனம், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சுற்றி வந்து வாடிக்கையாளரை இழுப்பதற்காகத்தான் முதல் மின்சார வண்டியைச் செய்தது. வந்தவர்கள் சரக்கை விட்டுவிட்டு ரயிலை விலைக்குக் கேட்டார்கள் என்பது அதைப் பற்றிச் சொல்லப்படும் கதை. இங்கிலாந்தில் மெக்கானோவைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பி, 1920-ல் லிவர்பூலில் ரயில்கள் செய்யத் தொடங்கினார். 1960-களில் தொலைக்காட்சியும் பிற விளையாட்டுகளும் பையன்களை இழுத்துக்கொள்ள, இத்தொழில் தளர்ந்தது. 1964-ல் மெக்கானோ கைமாறியது. 2009-ல் மெர்க்லினே திவால் நீதிமன்றத்துக்குப் போய் மீண்டு வந்தது. சிறுவர்களின் விளையாட்டு, நரைத்த தலைகளின் பொழுதுபோக்காக மாறியது இப்படித்தான்.

இனி கணக்கு. முன்பு வீடுகளில் பரவலாக இருந்தது 32 மி.மீ. அகலமுள்ள 'பூஜ்யம்' தடம். அதில் ஏறக்குறைய பாதியாக வந்ததுதான் எச்.ஓ. அதன் தட அகலம் 16.5 மி.மீ., விகிதம் 87-ல் ஒன்று. 16.5-ஐ 87-ஆல் பெருக்குங்கள்: 1435.5. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான தண்டவாளங்களின் அகலம் 1435 மி.மீ. கச்சிதமாகப் பொருந்துகிறது. பிரிட்டிஷ் எஞ்ஜின்கள் உருவில் சிறியவை. 87-ல் ஒன்றாகச் சுருக்கினால் அக்கால மோட்டார் உள்ளே நுழையவில்லை. எனவே அவர்கள் வண்டியை மட்டும் 76-ல் ஒன்றாகப் பெருக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் இங்கிலாந்தின் ஓ.ஓ. வண்டிகள் இருக்க வேண்டியதைவிடக் குறுகிய தடத்தில்தான் ஓடுகின்றன. இதைப் பொறுக்காதவர்கள் 18.83 மி.மீ. தடத்தைத் தாங்களே கையால் போட்டுக்கொள்கிறார்கள்.

நம் அகலப் பாதை 1676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.26 வருகிறது. அந்த அகலத்தில் கடையில் தண்டவாளம் கிடையாது. எனவே இந்திய அகலப் பாதை வண்டியை எச்.ஓ. தடத்தில் நிறுத்தினால், அகன்ற உடம்பு ஒடுங்கிய காலில் நிற்கும். இலங்கைக்கும் இதே கதிதான். யாழ்தேவி ஓடுவதும் 1676 மி.மீ. பாதையில்தான்.

இந்தியாவில் மாதிரி ரயிலே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையின் சாப்பாட்டு மேசையில் மதுவும் சுருட்டும் சுமந்து விருந்தினரைச் சுற்றி வந்த வெள்ளி ரயில் பிரசித்தம். ஆனால் அது மகாராஜாவின் விளையாட்டு. புனேயின் கோத்ருட் பகுதியில் ஜோஷி என்பவர் வாழ்நாள் உழைப்பாக உருவாக்கிய சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது. சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். அருகே 2002-ல் திறந்த ரயில் அருங்காட்சியகத்திலும் மாதிரிகள் உண்டு. பார்க்கலாம், ரசிக்கலாம். ஆனால் சாமானியன் வீட்டுக்குப் பெட்டியில் கட்டி வாங்கி வருகிற மாதிரி, நம் ஊர் வண்டி எளிதில் கிடைப்பதில்லை.

நம் ஊர் வண்டி என்றேனே, அது எது? என் தலைமுறைத் தமிழர்களில் சென்னைக்குத் தெற்கே பிறந்த பலருக்கு அது மீட்டர் பாதை வண்டிதான். செலவைக் குறைக்க 1870-களில் ஆங்கிலேய அரசு தேர்ந்தெடுத்த 1000 மி.மீ. தடம் அது. நாகப்பட்டினம் - திருச்சி பாதை அகலப் பாதையாகப் பிறந்து, பிறகு மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தின் மேல் போட் மெயில் ஓடியதும் அதில்தான். தனுஷ்கோடியில் மீட்டர் பாதை வண்டியிலிருந்து இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் அகலப் பாதை வண்டியில் ஏறுவார்கள். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. 1992-ல் தொடங்கிய ஒரே அகலத் திட்டம் மீதியை மெல்ல மெல்ல மாற்றியது. 1931 முதல் ஓடிய சென்னை கடற்கரை - தாம்பரம் மீட்டர் பாதை மின்வண்டி 2004-ல் நின்றது. 2007-ல் ராமேஸ்வரம் பாதையும் அகலமானது. பயணிகளுக்கு இது நல்லதே. வேகமும் நேரடித் தொடர்பும் கிடைத்தன. ஆனால் போனது போனதுதான். இன்று தமிழ்நாட்டில் மீட்டர் பாதை என்றால் பல்சக்கரத்தில் மலையேறும் நீலகிரி ரயில் மட்டுமே. 2005 முதல் அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

இப்போது மீண்டும் பெருக்குங்கள். எச்.ஓ. விகிதத்திலேயே 12 மி.மீ. தடம் ஒன்று கடையில் கிடைக்கிறது. 12 பெருக்கல் 87, 1044. சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதை மலை ரயில்களுக்காக வந்த தடம் அது. 160-ல் ஒன்றான என் விகிதத்தில் 6.5 மி.மீ. தடம் போட்டால் 1040. தோட்டத்தில் ஓடும் எல்.ஜி.பி. வண்டிகள் 1968-ல் வந்தவை, 45 மி.மீ. தடம், 22.5-ல் ஒன்று. பெருக்கினால் 1012.5. அகலப் பாதைக்கு அமையாதது மீட்டர் பாதைக்கு மூன்று அளவுகளில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது! இன்னும் ஒன்று: 1961 முதல் இந்தியாவுக்கு வந்த ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்ஜின் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் டி.எல். 535 வகை. அதே வகையில் அலாஸ்கா - யூகான் மலைப்பாதைக்குப் போன எஞ்ஜினை எல்.ஜி.பி. மாதிரியாக வெளியிட்டது. எழும்பூரிலிருந்து நம்மை இழுத்துப் போன எஞ்ஜினின் ஒன்றுவிட்ட சகோதரன், பச்சையும் மஞ்சளும் பூசிக்கொண்டு ஐரோப்பியத் தோட்டங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

நான் இருப்பது தோஹாவில். இங்கே பயணிகள் ரயில் என்று ஒன்று வந்ததே 2019 மே மாதம் மெட்ரோ திறந்தபோதுதான். அது 1435 மி.மீ.; எச்.ஓ. தண்டவாளத்தில் திருத்தமின்றிப் பொருந்தும். எனக்கோ 12 மி.மீ.யில் ஒரு பயணிகள் பெட்டி வேண்டும். அட்டையும் பிளாஸ்டிக் தகடும் வெட்டிக் கூட்டைச் செய்துவிட்டேன். எச்.ஓ. சக்கர அச்சைக் குறுக்குவதற்கு மட்டும் லேத் வேண்டும். அச்சில் 4.5 மி.மீ. கழிக்க வேண்டும், ஒரு பக்கச் சக்கரத்துக்கும் அச்சுக்கும் இடையே உள்ள மின்காப்பு கெடக்கூடாது, கெட்டால் இரு தண்டவாளங்களும் ஒன்றாகி ஷார்ட் ஆகிவிடும். தோஹாவில் லேத் என்றால் தொழில்பேட்டை. நம்மவர் வாயில் அது சனையா. பெயரில்லாமல் எண்ணால் அழைக்கப்படும் தெருக்களில் கராஜ்களும் பட்டறைகளும் தொழிலாளர் கேம்ப்களும் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

அங்கே ஒரு பட்டறையில் காரைக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் லேத் ஓட்டுகிறார். ஐம்பதைத் தாண்டியவர். பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர் நான் விளக்குவதற்கு முன்பே கேட்டார்:

"மீட்டர்கேஜ் வண்டியா தம்பி?"

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"சக்கரம் உள்ளே ஒதுங்கிக் கிடக்கணும்னு கோடு போட்டிருக்கீங்களே. நம்ம வண்டி அப்படித்தானே நிக்கும். ஆமா, சன்னலுக்குக் கண்ணாடி மட்டும் வச்சிருக்கீங்க, ஷட்டர் எங்கே? கரி கண்ணுல விழாம அதைத்தானே இறக்குவோம்."

அவர் வளைகுடாவுக்குக் கிளம்பியது 1990-களில், பம்பாய் வழியாக. ஊரிலிருந்து மீட்டர் பாதை வண்டியில் எழும்பூர். அங்கே இறங்கி டிரங்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு சென்ட்ரல். அங்கிருந்து அகலப் பாதை வண்டி. "எழும்பூர் வரைக்கும் ஊர்லயே இருக்கிற மாதிரி இருந்துச்சு தம்பி. சென்ட்ரல்ல ஏறினப்பதான் போறோம்னு தெரிஞ்சுது" என்றார். தட அகலம் மாறும் இடம் என்று பொறியியல் புத்தகம் ஒரு வரியில் சொல்வதை, அவர் தோள்பட்டை நினைவில் வைத்திருக்கிறது. அச்சுகளைக் குறுக்கிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஷட்டர் வைத்தபின் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

சேகரிக்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். போருக்கு முந்தைய ஹார்ன்பி போன்ற பழைய வண்டிகளை வாங்கும்போது வார்ப்புப் பாகங்களைக் கவனியுங்கள். அவற்றின் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் நாளடைவில் உப்பி வெடிக்கும். அதற்கு வைத்தியம் இல்லை. பித்தளைத் தண்டவாளத்தைவிட நிக்கல் சில்வர் மேல். பித்தளையில் படியும் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கானது. கத்தாரின் 240 வோல்ட்டில் நேரே சொருகினால் அன்றோடு சரி. வளைகுடாவில் பெரிய எதிரி புழுதி. பல்சக்கர மசகில் நுண்மணல் சேர்ந்தால் அது சாணைக்கல் போலத் தேய்க்கும். ஓட்டாத நேரத்தில் மூடி வையுங்கள். கோடையில் காருக்குள் விட்டுப் போகாதீர்கள், மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும். பழைய அட்டைப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். விற்கும்போது அதற்கும் விலை உண்டு.

கடைசியாக ஒன்று. ஜெர்மானியரோ ஆங்கிலேயரோ மாதிரி செய்ய உட்கார்ந்தால், அவருக்கு வரைபடம் உண்டு, புத்தகம் உண்டு, அளவு உண்டு. நம் மீட்டர் பாதை பயணிகள் பெட்டியின் ஷட்டர், படிக்கட்டு, விளக்குக் கம்பம், நிலையத்துப் பெயர்ப்பலகை ஆகியவற்றின் அளவுகளை அப்படி எளிதில் எடுத்துவிட முடியாது. அவை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் பரண்களிலும், சனையா போன்ற இடங்களில் லேத் ஓட்டுபவர்களின் நினைவிலும் இருக்கின்றன. உங்கள் தந்தையோ தாத்தாவோ பொன்மலைப் பட்டறையிலோ விழுப்புரம் ஷெட்டிலோ வேலை பார்த்தவராக இருந்தால், அடுத்த விடுமுறையில் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் பிரதி எடுத்து, பின்னால் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். தண்டவாளம் கடையில் கிடைக்கும். அதன் மேல் நிறுத்தும் வண்டிக்கு நாம்தான் அளவு கொடுக்க வேண்டும்.