மதீனாவின் நெருப்பும் எரிமலை வரைபடமும்

ஹிஜ்ரி 654ஆம் ஆண்டு, ஜமாதுல் ஆகிர் மாதத்தின் தொடக்கம். ஆங்கிலக் கணக்கில் 1256 ஜூன் திங்களின் இறுதி நாட்கள். மதீனா மாநகரில் நிலம் அதிரத் தொடங்கிற்று. நாளுக்கு நாள் அதிர்வு வலுத்தது. வெள்ளிக்கிழமையன்று நகருக்குத் தென்கிழக்கே பூமி பிளந்து நெருப்பு பீறிட்டெழுந்தது. மக்கள் மஸ்ஜிதுந் நபவியில் திரண்டு தவ்பாச் செய்தனர். மதீனாவின் அமீர் தம் அடிமைகளை விடுதலை செய்தார். 52 நாட்கள் பெருகிய பாறைக் குழம்பு, 23 கிலோமீட்டர் தொலைவு ஊர்ந்து, நகருக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் அருகில் வந்து நின்றது. இறையருளால் மாநகர் காப்பாற்றப்பட்டது.

ஹிஜாஸ் பூமியிலிருந்து ஒரு நெருப்பு வெளிப்படும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அந்நாளில் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், தம் காலத்தில் மதீனாவில் தோன்றிய இந்நெருப்பை முஸ்லிம் நூலின் விரிவுரையில் குறிப்பிடுகின்றார்கள்.

அம்மக்கள் அழுததோடு நின்றுவிடவில்லை, எழுதியும் வைத்தனர். மதீனாவிலிருந்து திமிஷ்க் நகருக்குச் சென்ற மடல்களை வரலாற்றாசிரியர் அபூ ஷாமா தம் நூலில் சேர்த்து வைத்தார். எந்நாளில் நிலம் அதிர்ந்தது, எத்திசையில் நெருப்பு தோன்றியது, எவ்வழியே ஓடியது என்ற விவரங்கள் அவற்றில் உள்ளன. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கரும்பாறைகளை ஆராய வந்த நிலவியலார்க்கு இப்பதிவுகள் பெருந்துணையாயின.

ஹஜ், உம்ராவுக்குச் சென்றோர் மதீனாவைச் சூழ்ந்து கிடக்கும் கருங்கற்பரப்பைக் கண்டிருப்பர். 'ஹர்ரா' என அரபியர் அழைப்பது இதனையே. தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் 'ஹர்ரத் ரஹத்' என்ற இப்பரப்பில் நூற்றுக்கணக்கான எரிமலை வாய்கள் உள்ளன. ஒரே மலையாக இருந்தால் அதனை மட்டும் கண்காணித்தால் போதும். இங்கோ அடுத்த பிளவு எவ்விடத்தில் தோன்றும் என ஒரு புள்ளியைச் சுட்ட இயலாது. எனவே எங்கு வாய்ப்பு மிகுதி, எங்கு குறைவு எனப் பகுத்துக் காட்டுவதே அறிஞர் செய்யக்கூடியது.

அப்பகுப்பின் முறை யாது? முதலில் அவர்கள் கால்நடையாய் அலைந்து பழைய குழம்பின் எல்லைகளை அளக்கின்றனர். பாறைகளின் வயதைக் கணித்து, எரிமலை எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் பொங்கியது எனத் தெளிகின்றனர். நிலத்தின் மேடுபள்ளத்தைக் கொண்டு குழம்பும் சேறும் ஓடக்கூடிய பாதையையும், காற்றின் போக்கைக் கொண்டு சாம்பல் விழும் திசையையும் கணிக்கின்றனர். பின்னர் இவை யாவும் வெவ்வேறு வண்ணங்களில் வரைபடமாகின்றன. சவூதி நிலவியல் ஆய்வகமும் அமெரிக்க நிலவியல் ஆய்வகமும் இணைந்து மதீனாவை அடுத்த பகுதிக்கு இத்தகைய ஆய்வை நிகழ்த்தியுள்ளன.

ஆயினும் வரைபடம் தானாக எவரையும் காப்பதில்லை. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் 'நெவாடோ டெல் ரூயிஸ்' என்ற பனிமலை உண்டு. அது புகையத் தொடங்கியதும் அறிஞர் வரைபடம் தயாரித்து, 1985 அக்டோபரில் வெளியிட்டனர். அர்மேரோ என்ற ஊர் சேற்று வெள்ளத்தின் பாதையில் இருப்பது அதில் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தது. 1595இலும் 1845இலும் அதே இடத்தைச் சேறு மூடியிருந்தது. எனினும் ஊர் காலி செய்யப்படவில்லை. நவம்பர் 13 அன்று இரவு 9 மணியளவில் மலை வெடித்தது. பனி உருகிப் பெருகிய சேறு, சுமார் 70 கிலோமீட்டர் கடந்து ஊரை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அதற்குள் மேட்டு நிலத்திற்கு நடந்தே சென்றிருக்கலாம். அன்று மாலை மக்களுக்கு வானொலியில் கூறப்பட்டதோ, அமைதியாய் இருங்கள் என்பதே! இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் அவ்வூரிலேயே புதையுண்டனர்.

ஆறு ஆண்டுகளுக்குள் இதற்கு நேர்மாறான காட்சியைப் பிலிப்பைன்ஸ் கண்டது. ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்த பினாதுபோ மலை 1991இல் விழித்தது. மே மாதத்தில் அறிஞர் வரைபடம் வெளியிட்டனர். வண்ணக் கோடுகள் பாமரர்க்குப் புரியா என்பதை உணர்ந்து, எரிமலையின் அழிவைக் காட்டும் ஒளிப்படத்தையும் அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காண்பித்தனர். ஜூன் 15ஆம் நாள் மலை பேரோசையுடன் வெடிக்கும் முன்னரே பல்லாயிரவர் அகற்றப்பட்டனர். ஈரச் சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து சில நூறு பேர் மாண்டனர் என்பது துயரமே. எனினும் குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது அறிஞர் கணிப்பு.

மதீனாவுக்கு வடமேற்கே உள்ள 'ஹர்ரத் லுனைய்யிர்' பகுதியில் 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின. பூமி 8 கிலோமீட்டர் நீளத்திற்கு விரிசல் கண்டது. சவூதி அரசு அல்-ஈஸ் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த பல்லாயிரம் மக்களை அப்புறப்படுத்தியது. மேலேறி வந்த பாறைக் குழம்பு, தரையை எட்டும் முன்னரே நின்றுவிட்டது. மக்கள் வீடு திரும்பினர். அலைச்சல் வீண் என்று சிலர் கருதலாம். ஆனால் அர்மேரோவில் புதையுண்டவர்களுக்கு அத்தகைய வீண் அலைச்சல் ஒன்று வாய்த்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் அன்றோ!

விதிப்படி நடக்கட்டும் என்று வாளாவிருப்பது தவக்குல் ஆகுமா? ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியதை வழியில் கேள்வியுற்ற உமர் (ரலி) அவர்கள், உடனிருந்த ஸஹாபாக்களைக் கூட்டங்கூட்டமாக அழைத்துக் கலந்தாலோசித்து, தம் கூட்டத்தாரோடு திரும்பிவிட்டார்கள். அது விதிக்கு அஞ்சிய ஓட்டமன்று. அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பால் செல்வதே என்று விளக்கமும் அளித்தார்கள்.

நெருப்பை அடக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. அதன் பாதையிலிருந்து விலகும் அறிவை இறைவன் வழங்கியுள்ளான். அறிந்தோர் மறையாது சொல்வதும், கேட்போர் அலட்சியமின்றிச் செவிசாய்ப்பதும் உயிர் என்னும் அமானிதத்திற்கு நாம் செலுத்த வேண்டிய கடமையாகும். அக்கடமையை உணர்ந்து நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.