தேனும் ஆப்பிளும் ஒரே ஜாடியில்!

இங்கிலாந்தில் சாமர்செட் ஜில்லாவில் ஒரு வீடு. ராத்திரி பதினொரு மணி. எல்லோரும் உறங்கிவிட்டார்கள். அலமாரி மூலையிலிருந்து 'குபுக்... குபுக்...' என்று ஒரு சத்தம். எலியோ, திருடனோ என்று பயப்பட வேண்டாம். ஆப்பிள் ரசத்தில் தேனைக் கலந்து ஊற வைத்த கண்ணாடி ஜாடிதான் அப்படிப் பேசுகிறது!

ஆப்பிள் ரசத்தைப் புளிக்க வைத்தால் அது 'சைடர்'. தேனைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்தால் 'மீட்'. 'மது' என்ற வடசொல்லும் இந்த 'மீட்'டும் ஒரே வேரில் பிறந்தவை. 'மது'வுக்குத் தேன் என்றும் பொருள் உண்டு. மூங்கில் குழாயில் முற்றிய தேன் தேறலைப் பற்றி நம் மலைபடுகடாமும் சொல்லுகிறது. ஆப்பிளையும் தேனையும் சேர்த்துச் செய்வதற்கு 'சைஸர்' என்று பெயர்.

எதற்காக இரண்டையும் சேர்க்க வேண்டும்? தேனில் நூற்றுக்குச் சுமார் 18 பங்குதான் தண்ணீர். அந்தக் கெட்டிப் பாகில் எந்தக் கிருமியும் எளிதில் பெருகாது. தண்ணீர் விட்டால்தான் 'ஈஸ்ட்' என்னும் நுண்ணுயிர் வேலையைத் தொடங்கும். அப்போதும் நொண்டி நொண்டித்தான் நடக்கும்; ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்து தேனில் மிகக் குறைவு. ஆப்பிள் ரசம் கொஞ்சம் சத்தும், தேவையான புளிப்பும் கொடுத்து அதைத் தூக்கிவிடுகிறது. வெறும் சைடரில் 6 சதவிகிதம் போல ஆல்கஹால் இருக்கும். நாலரை லிட்டர் ரசத்தில் ஒரு கிலோ தேனைச் சேர்த்தால் அது 14 சதவிகிதத்தை எட்டிவிடலாம்!

சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் ஏறக்குறையச் சரிபாதியாக வெளியிடுகிறது ஈஸ்ட். ஜாடியின் வாயில் தண்ணீர் நிறைந்த ஒரு வளைகுழாய். அதன் வழியே வாயு வெளியேறும். காற்று உள்ளே நுழையாது. நுழைந்தால் கடைசியில் கிடைப்பது காடிதான்.

சத்தம் நின்றதும் வேலை முடிந்தது என்று புட்டியில் அடைத்துவிடுகிறவர்கள்தாம் அகப்பட்டுக்கொள்கிறார்கள். குளிரில் ஈஸ்ட் தூங்கத்தான் செய்கிறது. வெயில் வந்தால் விழித்துக்கொள்ளும். லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன், மிச்சமிருந்தால் போதும். மோட்டார் கார் டயரைப் போல் இரண்டு, மூன்று மடங்கு அழுத்தம் உண்டாகிவிடும். ஷாம்பேன் புட்டி தாங்கும். சாதாரணப் புட்டி வெடிகுண்டுதான்! ஆகவே, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் மானியைப் போன்ற ஒன்றை ஜாடியில் மிதக்க விடுகிறார்கள். பல நாள் அது ஒரே அளவைக் காட்டிய பிறகே புட்டியைத் தொடுகிறார்கள்.

ஜாடி கண்ணாடியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 18-ம் நூற்றாண்டில் டெவன் ஜில்லாவில் சைடர் குடித்த ஏழை ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார்கள். சிலருக்குக் கை விளங்காமல் போயிற்று, சிலர் மாண்டார்கள். சைடரின் புளிப்புத்தான் காரணம் என்று 1739-ல் எழுதினார் ஜான் ஹக்ஸாம் என்ற வைத்தியர். டெவனிலேயே பிறந்த ஜார்ஜ் பேக்கருக்கு அது சரியாகப் படவில்லை. ஹெரபோர்ட்ஷயரிலும் சைடர் குடிக்கிறார்களே, அங்கே ஏன் இந்த நோய் இல்லை? விசாரித்தார். டெவனில் பழம் பிழியும் செக்குகளில் காரீயத்தை உபயோகித்திருந்தார்கள்! (நம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு.) ஆப்பிளின் புளிப்பு காரீயத்தைக் கரைத்துவிட்டது. டெவன் சைடரைச் சோதித்தார், விஷம் இருந்தது. ஹெரபோர்டு சைடரில் இல்லை. 1767-ல் அவர் இதை வெளியிட்டபோது சொந்த ஜில்லாவிலேயே வசை! சைடர்காரர்களும் பாதிரிமார்களும் சீறினார்கள். ஆனால் காரீயம் விலக விலக, நோயும் விலகியது.

சொந்த உபயோகத்துக்கு வீட்டில் சைடர் செய்வதை இங்கிலாந்தில் சட்டம் தடுப்பதில்லை. வீட்டு பீருக்கு இருந்த லைசென்ஸும் 1963-ல் எடுபட்டது. நம் ஊரிலோ இது குற்றம். அன்பர்கள் ஜாடியைத் தேடி ஓட வேண்டாம்!

புதிதாக இறக்கிய சைஸர் தொண்டையைப் பொசுக்கும். ஒரு வருஷம் கிடந்தால் சாந்தமாகித் தேன் மணம் மேலே வரும். பொறுமையில்லாத ஆசாமிகள் ஆறாம் மாதமே ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார்கள். ருசி கூடி வருவதற்குள் அலமாரியில் மிஞ்சியிருப்பது ஒரே புட்டி!