மீனுக்கும் தடைக்காலம்... தாய்க்கும் இடைவெளி! கடலோர கிராமம் காட்டிய வழி

திருமலைராயன்பட்டினம்:

ஏப்ரல் 15 பிறந்தால் காரைக்கால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் முட்டையிட்டு குஞ்சு பெருகணும் என்பதற்காக இந்த ஓய்வு. இது பட்டினச்சேரியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் மீன் வளத்துக்கும் குடும்பக்கட்டுப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கு என்கிறது மடகாஸ்கர் தீவு.

அங்கே அந்தவதோக்கா என்ற மீனவ கிராமத்தில் 2004-ல் ஆக்டோபஸ் (நம்ம பக்கம் பேய்க்கணவாய்) பிடிக்க சில மாதம் தடை போட்டார்கள். திறந்தபோது பெரிய பெரிய உருப்படியாக மாட்டியது. பக்கத்து ஊர்களும் அதே வழிக்கு வந்தன.

உதவிக்கு வந்த 'புளூ வென்ச்சர்ஸ்' கடல் அமைப்பிடம் பெண்கள் கேட்டதோ வேறு. "அடுத்தடுத்து பிரசவம், உடம்பு தாங்கல". கருத்தடை மாத்திரை வாங்க சுமார் 50 கிலோ மீட்டர் தள்ளி மொரோம்பே நகருக்குப் போகணும். 2007-ல் ஊரிலேயே கிளினிக் திறந்தது. பிறகு உள்ளூர் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீட்டு வாசலில் மாத்திரை கிடைக்கச் செய்தனர். கருத்தடை முறையைப் பயன்படுத்திய பெண்கள் 100-க்கு 10 பேராக இருந்தது, 2013-ல் 55 ஆனது.

கட்டாயம் எதுவும் இல்லை. 1976-ல் நம் நாட்டில் பிடித்து இழுத்துப்போய் ஆபரேஷன் செய்த கதை இது அல்ல. கைக்குழந்தை பாரம் குறைந்த பெண்கள் கடல்பாசி, கடல் அட்டை வளர்ப்பில் இறங்கினார்கள். கடலை மட்டும் நம்பிய வீட்டுக்கு இன்னொரு வருமானம்.

நம்மூர் கணக்கு வேறு. புதுச்சேரி மாநிலத்தில் ஒரு பெண்ணுக்கு சராசரி 1.5 குழந்தைதான் (2019-21 குடும்பநல சர்வே). ஆகவே 'ஜனம் பெருகிடுச்சு, மீன் குறைஞ்சுடுச்சு' என்பது இங்கே எடுபடாது. சுருக்குமடி வலையும், குஞ்சு மீனையும் அரிக்கும் சின்னக் கண்ணி வலையும்தான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

இன்னொரு குறை வீட்டுக்குள் இருக்கு. கருத்தடை ஆபரேஷன் பெரும்பாலும் பெண்களுக்கே. ஆண்கள் 100-க்கு ஒருவர்கூட தேறாது. ஆணுக்கான தழும்பில்லா சிகிச்சை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். ஆண்மை குறையாது. ஒரு வாரம் வலை இழுக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. 3 மாதம் ஆணுறை அவசியம், பிறகு விந்து பரிசோதனை செய்து டாக்டர் சொன்னபிறகே நிறுத்தணும்.

விசைப்படகுக்காரர்களுக்கு தடைக்காலத்தில் அந்த ஒரு வாரத்துக்கு கூலி நஷ்டமும் இல்லை.